மழை விட்ட பிறகு விதைத்தால் நாள் போதாது: கடலோர ஊர்களின் மார்கழித் தோட்டம்

சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகை என்று கிழக்குக் கரையில் இருக்கும் ஊர்களுக்குக் குளிர்காலம் மிகக் குறுகியது. மழை ஓயும் கார்த்திகைக் கடைசிக்கும் வெயில் உறைக்கத் தொடங்கும் மாசிக்கும் நடுவில் சுமார் எழுபது நாள் கிடைக்கும். சென்னையில் ஜனவரி மாதத்துப் பகல் சராசரியாக 29, 30 டிகிரி. இரவு 20, 21 டிகிரி. மார்ச் வந்தால் பகல் 33-ஐத் தொட்டுவிடும். காலிஃபிளவர், பீட்ரூட், கொத்தமல்லி, தக்காளி எல்லாம் இந்த எழுபது நாளுக்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டும்.

மாடித்தோட்டம் போடுபவர்களில் பலர் "மழை விடட்டும், விதைக்கலாம்" என்று காத்திருக்கிறார்கள். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. காலிஃபிளவர் கணக்கைப் பாருங்கள். நாற்றங்காலில் 25 நாள், நட்ட பிறகு ஏறக்குறைய 60 முதல் 65 நாள். மழை விட்டு டிசம்பர் 15-ல் விதை போட்டால், ஜனவரி 10-ல் நடவு. பூ திரள்வது மார்ச் நடுவில். அந்த வெயிலில் பூ இறுகாது. சோற்றுப்பருக்கை போல உதிரி உதிரியாகப் பிரிந்து மஞ்சளாகிவிடும். அதே விதையை ஐப்பசிக் கடைசியில், நவம்பர் 8 வாக்கில், கூரைக்கடியில் தட்டில் போட்டிருந்தால் டிசம்பர் முதல் வாரம் நடலாம்; பிப்ரவரி தொடக்கத்தில் கைக்குள் அடங்கும் இறுகிய பூ. விதையும் உரமும் ஒன்றுதான். முப்பத்தேழு நாள் முன்பின் ஆவதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே இந்தப் பருவத்தின் முதல் வேலை, கொட்டும் மழையிலேயே நாற்று விடுவது.

மழைக்குள் நாற்று

98 குழி நாற்றுத் தட்டு ஒரு வீட்டுக்குத் தாராளம். குழிகளில் கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவைக் கழுவாமல் போடவே கூடாது. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் நாரில் உப்பு நிறைய இருக்கும். அந்த உப்பில் முளைத்த நாற்றின் இலை ஓரம் ஒரு வாரத்தில் கருகிவிடும். கட்டியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி, இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் போதும்.

ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் நாற்றழுகல் வரும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். பூஞ்சைதான் காரணம், அதற்கு வழி விடுவது நெருக்கமான விதைப்பும் மாலை நேரத் தண்ணீரும். விதைக்கும் முன் கலவையில் கிலோவுக்கு ஐந்து கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்துவிடுங்கள். குழிக்கு ஒரு விதை. காலையில் மட்டும் தண்ணீர். தட்டைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் அடியில் காற்று ஓடும். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியோடு எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

தட்டுக்கு ஏற்றவை தக்காளி, காலிஃபிளவர், நூல்கோல், குடைமிளகாய். முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, வெந்தயம், கொத்து பீன்ஸ் இவற்றை நாற்று விட்டு மாற்றி நடக் கூடாது. ஆணிவேர் வளைந்தால் முள்ளங்கி இரண்டு காலாகப் பிரியும். கொத்தமல்லி பயந்துபோய் உடனே பூத்துவிடும்.

நாற்று 25 நாளைத் தாண்டித் தட்டிலேயே கிடந்தாலும் கெடுதல். வயது முற்றிய காலிஃபிளவர் நாற்று, நட்ட சில வாரங்களிலேயே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூவை வைத்துவிட்டு நின்றுவிடும். இலை வளராமல் பூ வந்தால் அந்தச் செடியால் பயனில்லை.

கழுவிப்போன மண்ணுக்கு உயிர் கொடுப்பது

இரண்டு மாத மழையில் செடிப் பையில் இருந்த தழைச்சத்து பெரும்பாலும் அடியிலிருக்கும் துளை வழியே போய்விட்டிருக்கும். அடி இலைகள் வெளுத்து மஞ்சளாவதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பசி. மழையின் இடைவெளியில் ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி, பழைய மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி இரண்டு நாள் காயவிடுங்கள். வேரை உற்றுப் பாருங்கள். பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணில் தக்காளி, கேரட், பீட்ரூட் வேண்டாம். செண்டுமல்லி ஒரு பருவம் வளர்த்து எடுத்த பிறகு மறுபடி பார்க்கலாம்.

நல்ல மண்ணாக இருந்தால், 12 அங்குலப் பை ஒன்றுக்கு மண்புழு உரமோ நன்கு மட்கிய தொழு உரமோ ஒன்றரை முதல் இரண்டு கிலோ, வேப்பம் புண்ணாக்குத் தூள் 50 கிராம், எலும்புத்தூள் 25 கிராம் கலந்து, ஈரமாக்கி, ஒரு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் நட்ட நாற்று வாடும். பையின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பது மறந்துபோகும் வேலை. மழையில் மண் இறங்கி அவற்றை அடைத்திருக்கும்.

மார்கழி பிறந்துவிட்டதே என்று புயலை மறந்துவிடவும் கூடாது. வர்தா 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கியது. தானே 2011 டிசம்பர் 30-ல், அதாவது மார்கழி நடுவில், கடலூர்க் கரையைக் கடந்தது. கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கும் வழக்கத்தைப் பொங்கல் வரை விட்டுவிடுவது நல்லது. பந்தல் கயிறுகளை முடிச்சை அவிழ்த்தால் இறங்கும்படி கட்டுங்கள். கடலுக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் புயல் காற்று உப்புத் திவலையை இலைமேல் பூசிவிட்டுப் போகும். கூடவே மழை பெய்து கழுவாவிட்டால், அன்றைக்கே நல்ல தண்ணீரால் இலைகளை மேலும் கீழும் அலச வேண்டும். இரண்டு நாள் விட்டால் இலை ஓரம் தீய்ந்தது போலாகும்.

தண்ணீரின் உப்பு

கடலோரத் தோட்டத்தில் பாதிக் குறைகளுக்குக் காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிட்டு என்ன பயிர் என்று முடிவெடுங்கள். பீன்ஸும் கேரட்டும் உப்பைச் சற்றும் தாங்காதவை. பாசன நீரில் 450 பி.பி.எம். தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். வெங்காயம், முள்ளங்கிக்கு 500 வரை. தக்காளி ஆயிரம் வரை பொறுக்கும். பீட்ரூட்டுக்கு 1700 வரைகூடக் கவலையில்லை. அதன் காட்டு மூதாதையே கடற்கரைச் செடிதான். உப்புத் தண்ணீர் வீட்டில் பீன்ஸ் வரவில்லை என்று விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே பீட்ரூட் போடுங்கள்.

மழை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால், முளைப்புக்கும் நாற்றுக்கும் அதையே செலவிடலாம். செடிக்கு உப்பு அதிகம் உறைப்பது முளைவிடும் அந்தப் பத்து நாளில்தான். வளர்ந்த செடிகளுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை பையின் அடியில் நீர் வழிந்தோடும்வரை ஊற்ற வேண்டும். தினமும் அரைக் குவளை ஊற்றிக்கொண்டே இருந்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்காகப் படியும்.

மார்கழியில் தண்ணீர் ஊற்றும் நேரம் காலை எட்டு மணிக்கு மேல். மாலையில் இலை நனைந்தால் இரவுப் பனியோடு சேர்ந்து விடியும்வரை ஈரம் காயாது. பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் அன்று விட்டுவிடலாம். ஆடி ஆவணியில் தினம் ஊற்றிய பழக்கத்தில் மார்கழியிலும் ஊற்றுவதால் அழுகும் செடிகள்தான் அதிகம்.

எதை வைக்கலாம், எதை விடலாம்

முதலில் முள்ளங்கி. முதல்முறை தோட்டம் போடுபவருக்கு இதைவிட நம்பிக்கை தரும் காய் கிடையாது. வெள்ளை முள்ளங்கியில் சூடு தாங்கும் பூசா சேட்கி போன்ற ரகம் 40, 45 நாளில் தயார். ஒன்றரை செ.மீ. ஆழம், பத்து செ.மீ. இடைவெளி. நெருக்கமாக முளைத்ததைப் பத்தாம் நாள் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய கீரையைப் பொரியலுக்குச் சேர்க்கலாம். மட்காத எரு இருந்தால் கிழங்கு கிளை பிரியும். 50 நாளுக்கு மேல் மண்ணிலேயே விட்டால் உள்ளே நெட்டி போலப் பஞ்சாகும். கார்த்திகைக் கடைசி தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு பை என்று விதைத்தால் மாசி வரை சாம்பாருக்குக் குறையிருக்காது.

பீட்ரூட் விதை என்று நாம் போடுவது ஒரு கொத்து. ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். எட்டு மணி நேரம் ஊறவைத்து நட்டு, நான்கு இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிவிடும். இப்படிக் கலைக்காததால்தான் பலருக்கு இலை மட்டும் வந்து கிழங்கு சுண்டைக்காய் அளவில் நிற்கிறது.

தக்காளிக்கு இது பொற்காலம். இரவு வெப்பம் 25-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சித்திரையில் பூவாகக் கொட்டும் அதே செடி தையில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது அதனால்தான். 15 அங்குலப் பைக்கு ஒரு செடி. முதல் இலை மட்டம் வரை தண்டைப் புதைத்து நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். ஐந்தடிக் குச்சி நட்டபோதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். முதல் பூங்கொத்துக்குக் கீழே கிளம்பும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இலை இல்லாமல் வைத்தால், மழைத்துளி தெறித்து ஏறும் கருகல் நோய் பாதியாகக் குறையும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பூத்த கிளையை விரலால் சுண்டிவிடுங்கள். காயின் அடி கறுத்து அமுங்கினால், அது சுண்ணாம்புச் சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாததால் வருவதில்லை, ஒருநாள் காய்ச்சலும் ஒருநாள் பாய்ச்சலுமாக நீர் விடுவதால் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருகிறது. முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவது அந்தப் பருவத்துக்குள் பலன் தராது. மண்மேல் இரண்டு அங்குலக் காய்ந்த சருகு மூடாக்கும் சீரான தண்ணீரும் அடுத்த கொத்தைக் காப்பாற்றும்.

காலிஃபிளவரில் முந்திய பருவ ரகங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். அவைதான் 20 முதல் 27 டிகிரியில் பூ வைப்பவை. பிந்திய ரகம் இங்கே இலை இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும். பூ எலுமிச்சை அளவு வந்ததும் சுற்றி இருக்கும் இலைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டால் வெண்மை மாறாது. இலையில் கண்ணாடிச் சன்னல் போல ஓட்டைகள் தெரிந்தால் வைரமுதுகுப் பூச்சியின் புழு. தினம் காலையில் இலையின் அடியைப் பார்த்து நசுக்குவதுதான் பத்துச் செடி வீட்டுக்கு ஏற்ற மருந்து.

கேரட் இங்கே விரல் நீளம்தான் வரும், நிறமும் ஊட்டி கேரட் போல ஏறாது. பிள்ளைகள் பிடுங்கிப் பார்க்க ஒரு பை போதும். பட்டாணி வேண்டாம், செடி வரும், பூ வரும், பகல் சூட்டில் உதிரும். முட்டைக்கோஸும் அப்படித்தான், இடத்தை அடைத்துக்கொண்டு தளர்ந்த தலையைத் தரும்.

அவரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆடியில் போட்ட நாட்டுப் பந்தல் அவரை நான்கு மாதம் கொடியாகவே ஓடி, கார்த்திகையில்தான் பூக்கும். பகல் நீளம் குறைந்தால் மட்டுமே பூக்கும் இனம் அது. புரட்டாசியில் "இன்னும் பூக்கவில்லையே" என்று பிடுங்கிப் போட்டவர்கள் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் இந்நேரம் தினம் ஒரு கை காய் பறித்துக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் பூங்காம்பு முழுக்கக் கறுப்பு அசுவினி மொய்க்கும். எறும்பு ஏறுவதே முதல் அறிகுறி. கொடியின் அடித்தண்டில் எறும்பைத் தடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட நுனிகளை நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பனி ஈரத்தில் விடியற்காலையில் அடுப்புச் சாம்பல் தூவும் பழைய வழக்கமும் உதவும். மெல்லியதாகத் தூவ வேண்டும், பூவை மூடும்படி கொட்டினால் காய்ப் பிடிப்பு குறையும்.

கொத்தமல்லியும் மற்ற வாசனைச் செடிகளும்

கார்த்திகை முதல் தை வரை மூன்று மாதம்தான் கடலோரத்தில் கொத்தமல்லி மனதார வளரும். தனியா முழுதாக இருக்கும்போது அதற்குள் இரண்டு விதை. துணியில் முடிந்து, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும், நொறுங்கக் கூடாது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, சதுர அடிக்கு ஒரு தேக்கரண்டி அளவு தூவி, ஒரு செ.மீ. மண்ணால் மூடுங்கள். முளைக்க எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஐந்தாம் நாளே பொறுமையிழந்து கிளறிப் பார்ப்பதால்தான் பல தொட்டிகள் முளைப்பதில்லை. முளைக்கும்வரை ஈரச் சாக்கு மூடி வைத்து, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். 35, 40 நாளில் வெளி இலைகளை மட்டும் காம்போடு கிள்ளி, நடுக்குருத்தை விட்டால் இரண்டாவது பறிப்பு கிடைக்கும். நடுவிலிருந்து இலை நூல் நூலாகப் பிரிந்து வந்தால் பூக்கத் தயாராகிவிட்டது, திருப்ப முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி விதைப்பதே வழி. தை கடைசிக்குப் பிறகு விதைப்பதை நிறுத்திவிடலாம்.

வெந்தயக்கீரைக்கு இத்தனை நுணுக்கம் இல்லை. ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் முளைப்பு, இருபத்தைந்தாம் நாள் கூட்டு.

புதினா மழையில் நெடுநெடுவென்று வளர்ந்து அடி மொட்டையாகி நிற்கும். மண்ணிலிருந்து நான்கு செ.மீ. விட்டு முழுவதும் வெட்டி, மேலே இரண்டு செ.மீ. மண்புழு உரம் போட்டால் ஒரு மாதத்தில் தளதளவென்று வரும். தொட்டி முழுக்க வேர் அடைத்திருந்தால், ஓரத்து ஓடுதண்டுகளைப் பத்து செ.மீ. துண்டுகளாக வெட்டிப் புது மண்ணில் படுக்கவைத்து மூன்று செ.மீ. மூடுங்கள். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொட்டுகள் இருந்தால் துரு நோய். வெட்டியதை உரக்குழியில் போடாமல் வெளியேற்றிவிடுங்கள்.

கறிவேப்பிலை மார்கழியில் தூங்கும். துளிர் விடவில்லையே என்று உரத்தைக் கொட்ட வேண்டாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறை; லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மாலையில் இலைமேல் தெளியுங்கள். கறிவேப்பிலைக்குப் பலரும் ஊற்றும் புளித்த மோருக்கு இருக்கும் பெயர் அதன் பலனைவிடப் பெரியது. தை கடைசியில் நுனிகளை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டு அப்போது தொழு உரம் வைத்தால், மாசிச் சூட்டில் வெட்டிய இடமெல்லாம் இரண்டு மூன்று துளிர் கிளம்பும்.

துளசி, திருநீற்றுப்பச்சிலை இரண்டிலும் கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும். கற்பூரவல்லிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். தூதுவளை பனிக்காலத்து ரசத்துக்கு வேண்டும் என்பதால், இலைகளை நுனியிலிருந்து பறித்துக்கொண்டே இருங்கள். பறிக்கப் பறிக்கக் கிளைக்கும்.

பனிக்காலப் பூச்சியும் நோயும்

பூசணி, சுரை, பீர்க்கன் இலைகளில் மாவு தூவியது போல வெள்ளைத் திட்டு வந்தால் சாம்பல் நோய். அடி இலைகளை அகற்றி, நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு இரண்டு கிராம், வெயில் ஏறும் முன் தெளிக்கலாம். பகல் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைப் பொசுக்கும். வேப்ப எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமலும் தெளிக்கக் கூடாது.

மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினிக்கு வேப்ப எண்ணெய் ஐந்து மி.லி., காதி சோப்புக் கரைசல் இரண்டு மி.லி., ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணெயையும் சோப்பையும் முதலில் ஒன்றாக அடித்துப் பால் போலாக்கிவிட்டுப் பிறகு நீர் சேர்க்க வேண்டும். தண்ணீரில் நேராக எண்ணெய் ஊற்றினால் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடிக்கு மொத்த எண்ணெயும் போய் இலை கருகும். இதைத் தெளிக்கும் நேரம் மாலை நான்கரை, ஐந்து மணி. வெயில் தணிந்திருக்கும், பனி இறங்கும் முன் இலை காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

தைப்பட்டத்துக்குக் கைமாற்றுவது

மார்கழிக் கடைசி வாரமே கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுத் தட்டு மறுபடி நிரம்ப வேண்டும். மிளகாய் நாற்றை அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலைக்குள் வையுங்கள். இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவரும் வெள்ளை ஈ, பிஞ்சு நாற்றில் ஒருமுறை உட்கார்ந்தாலே போதும். பிறகு எந்த மருந்தும் சுருண்ட இலையை விரிக்காது. முள்ளங்கி காலியான பைகளில் தை பிறந்ததும் வெண்டை, கொத்தவரை. தக்காளி இருந்த பையில் கத்தரியோ மிளகாயோ வைக்காமல் வெண்டை வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே.

அவரைக் கொடியில், தை நடுவில் நல்ல கொத்து இரண்டைப் பறிக்காமல் அடையாளத்துக்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள். நெற்று காய்ந்து, ஆட்டினால் உள்ளே சலசலக்கும்போது பறித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, கிலோ விதைக்குப் பத்து கிராம் என்ற அளவில் வசம்புத் தூள் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, புட்டியின் மேல் மாதத்தை எழுதி வையுங்கள். ஆடியில் திறக்கும்போது வண்டு துளைத்த விதை இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை விதைக்கலாம்.